ஜம்ஷெட்ஜி ஜீஜீபாய்: அபின் வணிகமும் மும்பைக்குக் கிடைத்த மருத்துவமனையும்

வேலை நிமித்தமாக மும்பைக்குக் குடிபெயர்ந்த நண்பர் ஒருவர் என்னிடம் கேட்ட கேள்வி இது: "பைகுல்லாவில் ஜே.ஜே. மருத்துவமனை, கோட்டைப் பகுதியில் ஜே.ஜே. கலைப்பள்ளி, தலைக்கு மேலே ஜே.ஜே. மேம்பாலம் என்று எங்கே திரும்பினாலும் இந்தப் பெயர்தான் இருக்கிறது. யார் இவர்? சீனாவுக்கு அபின் விற்றுப் பணம் சேர்த்தவர் என்கிறார்களே, அப்படியானால் அவரை வள்ளல் என்று சொல்வது சரியா?"

அவர் அபின் விற்றுப் பொருள் ஈட்டியதும் உண்மை, அந்தப் பொருளில் பெரும்பங்கை ஊருக்குக் கொடுத்ததும் உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைப்பவர்கள் இரு தரப்பிலும் இருக்கிறார்கள். இவற்றைச் சேர்த்துப் பார்த்தால்தான் அந்த மனிதரும் அவர் வாழ்ந்த பம்பாயும் நமக்குப் புரியும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஜே.ஜே. என்பது சர் ஜம்ஷெட்ஜி ஜீஜீபாய் என்பதன் சுருக்கம். எஃகு ஆலைக் கனவு கண்ட ஜம்ஷெட்ஜி டாடா வேறு, இவர் வேறு. இருவரும் பார்சிகள், இருவருக்கும் குஜராத்தின் நவ்சாரி ஊரோடு உறவு உண்டு. ஆனால் டாடா 1839இல் பிறந்தபோது ஜீஜீபாய்க்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது.

ஜீஜீபாய் 1783 ஜூலை 15 அன்று பம்பாயில், வசதி குறைந்த நெசவுத் தொழில் குடும்பத்தில் பிறந்து, சிறுவயதை நவ்சாரியில் கழித்தவர். முறையான பள்ளிப் படிப்பு அவருக்கு வாய்க்கவில்லை. 1799இல் தாயும் தந்தையும் ஒரே ஆண்டில் இறந்துவிடவே, பதினாறு வயதில் பம்பாயில் இருந்த உறவினர் பிராம்ஜி நசர்வான்ஜியிடம் வந்து சேர்ந்தார். பிராம்ஜிக்குக் காலி பாட்டில் வியாபாரம். அதனால் அவர் பெயரோடு "பாட்லிவாலா" என்ற அடைமொழி ஒட்டிக்கொண்டிருந்தது. வெள்ளைக்காரர்கள் குடித்துப் போட்ட பாட்டில்களை வாங்கிக் கழுவி விற்கும் அந்தக் கடையில்தான் பின்னாளின் கோடீஸ்வரர் கணக்கெழுதப் பழகினார். பிற்காலத்தில் தம்மைப் பாட்லிவாலா என்று குறிப்பிட்டுக்கொள்ள அவர் வெட்கப்பட்டதில்லை. 1803இல் பிராம்ஜியின் மகள் ஆவாபாயை மணந்தார். அந்த அம்மையாரின் பெயர் இந்தக் கதையில் மீண்டும் வரும், அதுவும் மிக முக்கியமான ஓர் இடத்தில்.

அந்நாளில் பம்பாய் வணிகருக்குச் சீனா என்றால் கான்டன் துறைமுகம். இங்கிருந்து பருத்திப் பஞ்சு போகும், அங்கிருந்து பட்டும் தேயிலையும் வெள்ளியும் வரும். ஜீஜீபாய் இளமையில் ஐந்து முறை சீனப் பயணம் மேற்கொண்டார். அவற்றுள் நான்காவது பயணம் தொடங்கியபடி முடியவில்லை. 1805இல் பிரிட்டனுக்கும் நெப்போலியனின் பிரான்சுக்கும் போர் நடந்துகொண்டிருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் "பிரன்ஸ்விக்" கப்பலில் அவர் சீனாவுக்குப் போய்க்கொண்டிருந்தபோது, இலங்கைக் கடற்பகுதியில் தளபதி லினுவாவின் பிரெஞ்சுப் போர்க்கப்பல்கள் அதைச் சிறைப்பிடித்தன. சரக்கெல்லாம் பறிபோயிற்று. கப்பலில் இருந்தவர்கள் ஆப்பிரிக்காவின் தென்கோடியான நன்னம்பிக்கை முனைவரை கொண்டுபோகப்பட்டார்கள்.

அதே கப்பலில் மருத்துவப் பணியாளராக இருந்தவர் வில்லியம் ஜார்டின் என்ற ஸ்காட்லாந்து இளைஞர். ஜீஜீபாயைவிட ஒரு வயது இளையவர். கையிலிருந்ததை எல்லாம் இழந்து நின்ற இரண்டு இளைஞர்களுக்கு இடையே கைதிகளாக அறிமுகம் ஏற்பட்டது. பிற்காலத்தில் ஜார்டின் மருத்துவத் தொழிலை விட்டுவிட்டு வணிகத்தில் இறங்கி, 1832இல் ஜேம்ஸ் மாத்திசன் என்பவரோடு சேர்ந்து கான்டனில் ஜார்டின் மாத்திசன் நிறுவனத்தைத் தொடங்கினார். சீனக் கடலோரத்தில் அபின் விற்ற நிறுவனங்களுள் அதுவே பெரியதாக வளர்ந்தது. அந்த நிறுவனத்துக்குப் பம்பாயிலிருந்து சரக்கு அனுப்பியவர்களுள் முதல் இடத்தில் இருந்தவர் ஜீஜீபாய். முன்பின் பாராத இருவர் ஆயிரக்கணக்கான மைல் இடைவெளியில் கடிதத்தை மட்டும் நம்பி லட்சக்கணக்கில் கொடுக்கல் வாங்கல் செய்ய முடியாத காலம் அது. உறவும் ஜாதியும் தராத அந்த நம்பிக்கையை, பிடிபட்ட கப்பல் ஒன்றில் ஏற்பட்ட பழக்கம் தந்தது.

அவர் வணிகம் வளர்ந்த வேகத்தை ஓரிரு செய்திகளில் சொல்லிவிடலாம். 1814இல் "குட் சக்சஸ்" என்ற கப்பலைச் சொந்தமாக வாங்கினார். பின்னர் கப்பல்கள் பெருகின. 1818இல் தொடங்கிய ஜம்ஷெட்ஜி ஜீஜீபாய் கம்பெனியில் அவருடன் சேர்ந்தவர்கள் மூவர்: மோதிசந்த் அமிசந்த் ஒரு ஜைனர், முகமது அலி ரோகே ஒரு கொங்கணி முஸ்லிம், ரோஜெரியோ டி ஃபாரியா ஒரு கோவா கத்தோலிக்கர். இந்தச் சேர்க்கையை நான் மிகவும் கவனித்துப் பார்க்கிறேன். மத்திய இந்தியாவின் மாளவத்தில் விளைந்த அபின் ஜைன, மார்வாடி வணிகர் கையில் இருந்தது. கொங்கணிகள் கப்பல்தொழில் அறிந்தவர்கள். போர்ச்சுகீசியர் ஆண்ட டாமன், மக்காவ் துறைகளில் கத்தோலிக்கருக்குச் செல்வாக்கு இருந்தது. யாரை எங்கே இணைத்தால் சரக்கு தடையின்றி நகரும் என்று அவர் துல்லியமாக அறிந்திருந்தார். நாற்பது வயதுக்குள் அவர் சேர்த்த செல்வம் இரண்டு கோடி ரூபாய் என்பது அன்றைய மதிப்பு.

இனி அபினுக்கு வருவோம். வங்காளத்தில் பாட்னா, பனாரஸ் பகுதிகளில் விளைந்த அபின் முழுவதும் கம்பெனியின் ஏகபோகம். கம்பெனி அதைக் கல்கத்தாவில் ஏலம் விட்டது. ஆனால் மத்திய இந்தியாவில் மாளவத்தின் சமஸ்தானங்களில் விளைந்த அபின் கம்பெனியின் கைக்கு அடங்கவில்லை. அதை வணிகர்கள் டாமன் வழியாகவும் கராச்சி வழியாகவும் சுற்றிக் கொண்டுபோய்க் கப்பலேற்றினார்கள். தடுத்துப் பார்த்துச் சலித்த கம்பெனி, 1830களின் தொடக்கத்தில் பெட்டிக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கிக்கொண்டு பம்பாய் வழியாகவே போக அனுமதித்தது. அதுமுதல் மாளவ அபினுக்குப் பம்பாயே தலைவாசல் ஆயிற்று. ஜீஜீபாயின் பெருஞ்செல்வத்தில் பெரும்பகுதி இந்த வழியில் வந்தது.

சீனாவிலோ அபின் தடைசெய்யப்பட்ட பொருள். 1729லேயே அதன் விற்பனைக்கு எதிராகப் பேரரசர் ஆணை இருந்தது, பின்னர் இறக்குமதியும் தடுக்கப்பட்டது. ஆகவே கப்பல்கள் கான்டனுக்குள் அபினைக் கொண்டுபோவதில்லை. முத்து ஆற்றின் கழிமுகத்தில் லின்டின் தீவருகே மிதக்கும் கிடங்குகளாக நின்ற கப்பல்களில் பெட்டிகளை இறக்கிவிடுவார்கள், உள்ளூர்க் கடத்தல்காரர்கள் துடுப்புப் படகுகளில் வந்து வெள்ளி கொடுத்து எடுத்துப் போவார்கள். அந்த வெள்ளிதான் கம்பெனி தேயிலை வாங்கப் பயன்பட்டது. சட்டவிரோதம் என்பது அறியாமல் இதில் ஈடுபட்டவர் எவரும் இல்லை. ஜீஜீபாய்க்கும் அது தெரியும். அந்தக் காலத்தில் எல்லோரும் செய்ததுதானே என்று சிலர் அவருக்காகப் பரிந்து பேசுவதை நான் ஏற்பதில்லை, ஏனெனில் அந்தக் காலத்திலேயே இதைப் பாவம் என்று பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் எழுந்து நின்று சொன்னவர்களும் இருந்தார்கள்.

1839இல் பேரரசரின் ஆணையராகக் கான்டனுக்கு வந்த லின் சேஷூ, வெளிநாட்டு வணிகரிடமிருந்து 20,000க்கும் மேற்பட்ட அபின் பெட்டிகளைப் பறிமுதல் செய்து ஹூமனில் அழித்தார். அழிந்தவற்றுள் பம்பாய் வணிகரின் பெட்டிகள் ஏராளம், ஜீஜீபாயின் சரக்கும் அவற்றுள் அடக்கம். அதைக் காரணம் காட்டிப் பிரிட்டன் தொடுத்த போர் 1842 ஆகஸ்டில் நான்கிங் உடன்படிக்கையோடு முடிந்தது. ஹாங்காங் பிரிட்டனுக்குப் போயிற்று. அழிந்த அபினுக்கு ஈடாகச் சீனா 60 லட்சம் வெள்ளி டாலர் கொடுக்க நேர்ந்தது. அது நட்டத்தில் ஒரு பகுதியைத்தான் ஈடுகட்டியது. அதே 1842இல் ஜீஜீபாய்க்கு "சர்" பட்டம் கிடைத்தது. இந்தியர் ஒருவர் அந்தப் பட்டம் பெறுவது அதுவே முதல் முறை. பட்டம் அவருடைய கொடைகளுக்காகவே அளிக்கப்பட்டது. ஆனாலும் ஒரே ஆண்டில் நடந்த இந்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படிக்கும்போது மனம் கனக்காமல் இருப்பதில்லை.

கொடைகளை அவர் முதுமையில் தொடங்கியவர் அல்லர். பாவத்தைக் கழுவக் கடைசிக் காலத்தில் கொடுத்தார் என்று சொல்பவர்கள் ஆண்டுகளைப் பார்ப்பதில்லை. 1822லேயே, கடன் கட்ட முடியாமல் பம்பாய் சிவில் சிறையில் கிடந்த ஏழைகளின் கடனைத் தம் பணத்தால் அடைத்து அவர்களை வெளியே கொண்டுவந்தார். அப்போது அவருக்கு வயது 39. 1832இல் தெருநாய்களைக் கொல்லக் காவல்துறை இறங்கியபோது, நாயைப் புனிதமாகக் கருதும் பார்சிகள் கொதித்தெழுந்து பம்பாயில் கலவரம் மூண்டது. அதன் பிறகு கூட்டாளி மோதிசந்தும் ஜீஜீபாயும் முன்னின்று, ஆதரவற்ற விலங்குகளைக் காக்கும் பாஞ்சராபோலை 1834இல் நிறுவினார்கள். அதை நடத்த வணிகர்கள் தங்கள் சரக்குகளின் மீது தாங்களே ஒரு மகமை விதித்துக்கொண்டார்கள். நம் ஊர் வணிகர்கள் கோயிலுக்கும் பள்ளிக்கும் மகமை வசூலித்ததை அறிந்தவர்களுக்கு இந்த முறை புதிதல்ல. ஒரு தடவை கொடுத்துவிட்டு ஒதுங்காமல், தொடர்ந்து நடப்பதற்கு வழியையும் சேர்த்தே கொடுப்பது என்ற அவரது வழக்கம் இங்கே தெளிவாகத் தெரிகிறது. மேய்ச்சலுக்கு அரசு கட்டணம் விதித்தபோது ஏழைகளின் மாடுகளுக்காக அவர் நிலம் வாங்கி விட்டார் என்றும், சர்னி ரோடு என்ற பெயர் அந்த மேய்ச்சல் நிலத்தால் வந்தது என்றும் மும்பைக்காரர்கள் சொல்வதுண்டு.

அவருடைய கொடைகளில் முதன்மையானது மருத்துவமனை. 1838இல் அவர் அரசிடம் சென்று, தாம் ஒரு லட்சம் ரூபாய் தருவதாகவும் கம்பெனியும் அதே அளவு தர வேண்டும் என்றும் கூறினார். ஜாதி மத வேறுபாடின்றி ஏழை இந்தியர்களுக்கு மருத்துவம் கிடைக்க வேண்டும் என்பது நோக்கம். கம்பெனி யோசித்து இசைவு தருவதற்குள் ஆண்டுகள் ஓடின. 1843 ஜனவரி 3 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது, 1845இல் மருத்துவமனை திறக்கப்பட்டது. கையில் கோடி வைத்திருந்தவர் முழுச் செலவையும் தாமே ஏற்றுக்கொண்டு உடனே கட்டியிருக்கலாமே என்று தோன்றும். அப்படிச் செய்திருந்தால் அது ஜீஜீபாய் வீட்டு மருத்துவமனையாக இருந்து, அவர் பேரன் காலத்தில் பூட்டப்பட்டிருக்கக்கூடும். கம்பெனியைப் பங்காளியாக்கி, நடத்தும் பொறுப்பை அதன் தலையில் கட்டியதுதான் அந்த நிறுவனம் கம்பெனி ஆட்சி போய், ராணியின் ஆட்சி போய், சுதந்திர இந்தியாவிலும் அரசு மருத்துவமனையாக நிலைத்திருப்பதற்குக் காரணம் என்று நான் கருதுகிறேன். வணிக ஒப்பந்தத்தில் எதிர்த்தரப்பைக் கட்டுப்படுத்தும் கலையை அவர் அறத்துக்கும் பயன்படுத்தினார். அவருடைய வாழ்க்கையில் நான் பெரிதும் மதிப்பது இதைத்தான், கொடுத்த தொகையை அல்ல.

மருத்துவமனையோடு பிறந்தது கிராண்ட் மருத்துவக் கல்லூரி. அதன் முதல் அணியில் படித்து 1851இல் வெளிவந்தவர்களுள் ஒருவர் பாவு தாஜி. மருத்துவராக மட்டுமின்றிப் பழங்கல்வெட்டு ஆய்வாளராகவும் அவர் புகழ்பெற்றார். 1896இல் பம்பாயைப் பிளேக் என்ற கொள்ளைநோய் தாக்கியபோது, நுண்ணுயிரியல் அறிஞர் வால்டெமார் ஹாஃப்கின் அந்தக் கல்லூரியில் தற்காலிகமாக அமைத்த ஆய்வகத்தில் இரவு பகலாக உழைத்துத் தடுப்பூசி கண்டு, 1897 ஜனவரியில் முதல் ஊசியைத் தமக்கே போட்டுக்கொண்டார்.

அடுத்தது மாகிம் காஸ்வே, அதாவது மாகிமையும் பாந்த்ராவையும் இணைக்கும் தரைப்பாலம். ஜீஜீபாய் குடும்பத்தின் கொடைகளில் எனக்கு மிக நெருக்கமானது இதுவே, காரணம் இது முழுக்க ஆவாபாய் அம்மையாரின் கொடை. மும்பை அன்று தீவு. வடக்கே சால்செட் தீவில் இருந்த பாந்த்ராவுக்குப் போக வேண்டுமென்றால் மித்தி ஆறு கடலோடு கலக்கும் கழிமுகத்தை ஓடத்தில் கடக்க வேண்டும். மழைக்காலத்தில் ஆற்று வெள்ளம் ஒரு பக்கம் தள்ள, கடலின் ஏற்றம் மறுபக்கம் தள்ள, ஓடங்கள் கவிழ்ந்து உயிர்கள் போயின. அரசு செலவு அதிகம் என்று கைவிரித்தது. ஆவாபாய் தம் பணத்திலிருந்து ரூபாய் 1,57,000 கொடுத்தார். 1843இல் தொடங்கிய வேலை 1845இல் முடிந்தது. அவர் வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்று: கடப்பவர் எவரிடமும் சுங்கம் வாங்கக் கூடாது.

இன்று தாதர் பக்கமிருந்து லேடி ஜம்ஷெட்ஜி சாலையில் வடக்கே போனால், அந்தச் சாலை கொண்டுபோய் விடுமிடம் மாகிம். வலப்புறம் சதுப்பும் அதற்கு அப்பால் நம் மக்கள் ஏராளமாக வாழும் தாராவியும், இடப்புறம் மீனவர் படகுகள் நிற்கும் வளைகுடாவும் இருக்க, நடுவே நெரிசலோடு வாகனங்கள் அந்தத் தரைப்பாலத்தைக் கடக்கின்றன. அதே வளைகுடாவுக்குக் குறுக்கே 2009இல் திறக்கப்பட்ட பாந்த்ரா வொர்லி கடற்பாலம் அங்கிருந்து பார்த்தாலே தெரியும். அங்கே சுங்கம் உண்டு. காஸ்வேயில் ஓர் அம்மையார் போட்ட நிபந்தனையின் பயனை, அவர் பெயரை அறியாத ஆட்டோ ஓட்டுநரும் அன்றாடம் அனுபவிக்கிறார். தாராவியில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இந்தச் செய்தி தெரிய வேண்டும் என்பது என் ஆசை, நூற்றாண்டுக்கும் மேலாக அவர்கள் கால்பட்ட பாதை அது.

பிற கொடைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். புனேக்குக் குடிநீர் கிடைக்க அணை கட்டும் செலவில் பெரும்பகுதியை ஏற்றார். 1837இல் சூரத்தைத் தீ அழித்தபோது பணம் அனுப்பினார். பம்பாயில் முதியோருக்கும் வழிப்போக்கருக்கும் தர்மசாலை கட்டினார். பார்சி ஏழைப் பிள்ளைகளுக்காக 1849இல் தொடங்கிய அறநிலையத்தின் பள்ளிகளில் பெண்களும் படித்தார்கள். ரயில் வர வேண்டும் என்று 1845இல் ஜகன்னாத் சங்கர்சேட்டோடு சேர்ந்து குரல் கொடுத்தார், 1853இல் பம்பாய்க்கும் தாணேவுக்கும் இடையே முதல் ரயில் ஓடியதை உயிரோடிருந்து பார்க்கவும் அவருக்குக் கொடுத்துவைத்திருந்தது.

கலைப்பள்ளி இவற்றிலிருந்து சற்று வேறானது. கைத்தொழிலாளர் திறமை அழிந்துவருவதைக் கண்டு, அவர்களுக்கு வரைதலும் வடிவமைப்பும் கற்பிக்க 1853இல் ஒரு லட்சம் ரூபாய் அளித்தார். 1857 மார்ச்சில் பள்ளி தொடங்கியது. சென்னையில் 1850லேயே அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் இப்படியொரு பள்ளியை ஆரம்பித்துவிட்டார் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். இன்று அது பெரியமேட்டில் அரசு கவின்கலைக் கல்லூரியாக இருக்கிறது. பம்பாய்ப் பள்ளியில் ஆசிரியராக வந்த லாக்வுட் கிப்ளிங்கின் மகன் ருட்யார்ட் 1865இல் அந்த வளாகத்தில்தான் பிறந்தார். இந்தியத் திரைப்படத்தின் தந்தை எனப்படும் தாதாசாகேப் பால்கே அங்கே படித்தவர். எஸ். எச். ராசா, தயப் மேத்தா போன்ற ஓவியர்கள் அங்கிருந்து வந்தார்கள். எஃப். என். சூசா விடுதலைப் போராட்டத்தில் கலந்துகொண்டதற்காக அங்கிருந்து நீக்கப்பட்டார். அபின் பெட்டியில் தொடங்கிய காசு தூரிகையில் முடியும் என்று கான்டனில் யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள்.

கடைசி ஆண்டுகளில் அவர் வணிகம் முன்போல் இல்லை. பெரும் ஐரோப்பிய நிறுவனங்களும் நீராவிக் கப்பல்களும் இந்திய வணிகரைப் பின்னுக்குத் தள்ளத் தொடங்கியிருந்தன. ஆங்கிலேயரிடம் அவருக்கு இருந்த விசுவாசம் மட்டும் குறையவில்லை. வடஇந்தியா கிளர்ச்சியில் எரிந்த 1857இல் அவர் ஆட்சியின் பக்கமே நின்றார். அதே ஆண்டில் அவருக்குப் "பாரோனெட்" என்ற பரம்பரைப் பட்டம் தரப்பட்டது, அதிலும் இந்தியருள் அவரே முதல்வர். இதுவும் மறைக்க வேண்டிய செய்தி அல்ல. அவருடைய உலகில் நீதிமன்றமும் துறைமுகமும் வணிகப் பாதுகாப்பும் ஆங்கிலேயர் தந்தவை. 1859 ஏப்ரலில், 75 வயதில் அவர் மறைந்தபோது, வாழ்நாளில் கொடுத்தது இருபது லட்சம் ரூபாய்க்கும் மேல் என்று கணக்கிடப்பட்டது.

நண்பர் கேட்ட கடைசிக் கேள்விக்கு என் பதில் இது. வள்ளல் என்று தாராளமாகச் சொல்லலாம், ஆனால் சொல்லும் வாய் அபினையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மருத்துவமனை எத்தனை உயிரைக் காத்தாலும் கான்டனில் புகைக்குழலோடு சரிந்து கிடந்தவனின் குடும்பத்துக்கு அது ஈடாகாது. அந்தக் குடும்பத்தின் சார்பில் மன்னிக்கும் உரிமை பம்பாய்க்கு இல்லை, நமக்கும் இல்லை. அதே சமயம், அவரோடு அதே அபினை விற்று அதே அளவு சேர்த்த எத்தனையோ பேர், ஜார்டின் உட்பட, அந்தப் பணத்தோடு பிரிட்டனுக்குத் திரும்பி நிலமும் நாடாளுமன்ற இடமும் வாங்கிக்கொண்டார்கள். ஜீஜீபாய் தாம் பிறந்த ஊரின் சிறைக்கும் தெருவுக்கும் ஆற்றுக்கும் நோயாளிக்கும் செலவழித்தார். இந்த வேறுபாட்டைக் காணாமல் இருவரையும் ஒரே தட்டில் வைப்பதும் நியாயமல்ல.

அந்தப் பெயர் ஏன் எங்கும் இருக்கிறது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அவர் இறந்த மறு ஆண்டு, 1860இல், பாரோனெட் பட்டத்துக்காக இயற்றப்பட்ட சட்டம், பட்டத்துக்கு வருபவர் யாராயினும் தம் சொந்தப் பெயரை விட்டுவிட்டு ஜம்ஷெட்ஜி ஜீஜீபாய் என்ற பெயரையே ஏற்க வேண்டும் என்று விதித்தது. மூத்த மகன் கர்செட்ஜி ஐம்பது வயதை நெருங்கும் நிலையில் தம் பெயரைத் துறந்து தந்தையின் பெயருக்கு மாறினார். அவருக்குப் பின் வந்த வாரிசுகளும் ஒவ்வொருவராக அப்படியே மாறினார்கள். டவுன் ஹாலில் மாரொக்கெட்டி வடித்த பளிங்குச் சிலையாக அமர்ந்திருப்பவர் அவர்களுள் முதலாமவர், பாட்டில் கடையில் கணக்கெழுதப் பழகிய அந்த நவ்சாரிச் சிறுவர்.